நுரையீரல் சொன்ன உண்மை

பினாங்கு துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ்டவுனில், 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் வூ லியன் தே. அவருடைய தந்தையார் சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃபிரீ பள்ளியில் கல்வி கற்ற வூ, 1896இல் மகாராணியார் உபகாரச் சம்பளம் பெற்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். நாடு திரும்பியபின் பினாங்கின் சூலியா தெருவில் மருந்தகம் நடத்தினார். அபின் பழக்கத்தை ஒழிக்கவும் பாடுபட்டார். 1908இல் பணியின் பொருட்டுச் சீனாவுக்குச் சென்றார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில், சீனாவின் வடகிழக்கிலுள்ள ஹார்பின் நகரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. நோய் கண்டவர்கள் இருமி, இரத்தம் கக்கி, சில நாள்களிலேயே மாண்டனர். நோயைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு வூவிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 31.

பிளேக், எலிகளின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிகளால் பரவுகிறது என்றே அக்கால மருத்துவர்கள் நம்பினர். வூவோ இறந்த ஒரு பெண்ணின் உடலை அறுத்துச் சோதித்தார். உடலை அறுப்பதை மக்கள் வெறுத்த காலம் அது. அப்பெண்ணின் நுரையீரலில் பிளேக் கிருமிகள் நிறைந்திருந்தன. நோயாளியின் மூச்சுக்காற்றும் இருமலுமே நோயைப் பரப்புகின்றன என்று வூ முடிவு செய்தார். மெல்லிய துணி மடிப்புகளுக்கிடையே பஞ்சு வைத்து முகக்கவசம் செய்து, அனைவரையும் அணியச் சொன்னார்.

மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் இக்கருத்தை ஏற்கவில்லை. முகக்கவசம் அணியாமல் நோயாளிகளைப் பார்வையிட்ட அவர், சில நாள்களில் அதே நோய்க்குப் பலியானார். அதன்பின் வூவின் சொல்லை மறுப்பார் இல்லை.

நோயாளிகளுடன் பழகியவர்கள் இரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்தப்பட்டனர். பயணங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. நிலம் உறைந்திருந்ததால் 2,000க்கும் மேற்பட்ட சடலங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. இறந்தோரை எரிப்பது சீனர் வழக்கமன்று. எனினும், வூ அரசின் அனுமதி பெற்று அவற்றை எரியூட்டினார். ஏறத்தாழ 60,000 உயிர்களைப் பறித்த அந்நோய், 1911 மார்ச் மாதம் ஹார்பினில் அடங்கியது.

1937இல் மலாயாவுக்குத் திரும்பிய வூ, ஈப்போவில் எளிய மருத்துவராகப் பணியாற்றினார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், தாம் பிறந்த பினாங்கிலேயே மறைந்தார். பலரும் நம்பியதை அப்படியே ஏற்காமல், கண்ணால் கண்ட சான்றை நம்பிய அவரது துணிவு எண்ணற்ற உயிர்களைக் காத்தது.