அருணாசலத்தில் ஒரு பிரெஞ்சுத் துறவி

திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோரில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அந்த மலையின் குகைகளில் கத்தோலிக்கக் குரு ஒருவர் தங்கித் தவமிருந்தார்.

அவர் பெயர் ஹென்றி லெ சோ. பின்னாளில் சுவாமி அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்டவர். 1910-இல் பிரான்சின் பிரிட்டனி கடலோரத்தில் பிறந்து, 1929 முதல் கெர்கொனான் மடத்தில் பெனடிக்ட் சபைத் துறவியாக வாழ்ந்தார். 1948-இல் தமிழகம் வந்து, குளித்தலையில் பணியாற்றிய அருள்தந்தை மொன்ஷானெனுடன் இணைந்தார். 1949 சனவரியில் இருவரும் இரமண மகரிஷியைக் காணச் சென்றனர்.

மிகுந்த எதிர்பார்ப்போடுதான் சென்றார். எதிரே இருந்தவரோ, எல்லாரையும் போல உண்டு, எல்லாரையும் போல அமர்ந்திருந்த ஒரு முதியவர். லெ சோவுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. பிறகு வேதம் ஓதும் ஒலி கேட்டது, காய்ச்சலும் வந்தது. உடல் தளர்ந்து, அலசி ஆராயும் தெம்பு போன பிறகுதான் அந்த இடத்தின் அமைதி அவருக்குள் இறங்கியது. அதைத் தாம் கற்ற இறையியலுக்குள் பொருத்திவிடப் பார்த்தார், முடியவில்லை.

இங்கே நாம் சற்று நிற்போம். ஓர் அனுபவத்தின் சுவை எங்கே இருக்கிறது? தலைக்குள்ளா? அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி, அது மனிதனும் சூழலும் சேர்ந்த முழு நிலைமைக்கே உரிய பண்பு என்று கருதினார். மனம் உடலிலும் அதன் செயலிலுமே உருவெடுக்கிறது என்று வரேலா, தாம்சன், ரோஷ் ஆகியோர் 1991-இல் நூலாகவே எழுதினர். ஆன்மாவே உடலின் வடிவம் என்ற புனித தோமா அக்குவினாசின் பாடத்தை, குருமடத்தில் நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததுண்டு. அது நமக்குக் கொஞ்சமாவது விளங்கியது இந்தக் காய்ச்சலைப் பற்றிப் படித்தபோதுதான்.

1950-இல் தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கியது. ஆனாலும் மலை அவரை விடவில்லை. 1952 முதல் சில ஆண்டுகள் மீண்டும் மீண்டும் குகைக்குத் திரும்பினார். மூவொரு கடவுளை அறிக்கையிடும் குரு, இரண்டற்ற நிலை என்று அத்வைதம் சொல்வதை உள்ளே உணர்ந்தால் என்ன செய்வது? அவருடைய நாட்குறிப்புகளில் இந்த வேதனை நெடுகத் தெரிகிறது. சிலர் அவரைத் தடம் புரண்டவர் என்றே எண்ணினர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. உணர்ந்ததையும் மறுக்கவில்லை, குருத்துவத்தையும் துறக்கவில்லை, இரண்டையும் சுமந்தார்.

1973 சூலையில் ரிஷிகேசத்துத் தெருவில் மாரடைப்பால் விழுந்தார். இம்முறையும் உடல் வழியாகவே ஒன்று நிகழ்ந்தது. அந்த நேரத்துப் பெருமகிழ்ச்சியைப் பற்றி எழுதுகையில், ஐரோப்பியக் கிறிஸ்தவப் பழங்கதைகளில் வீரர்கள் தேடியலையும் புனிதக் கிண்ணத்தைக் கண்டுகொண்டதாக எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று இந்தூரில் இறந்தார்.