எஃகை இணக்கிய ஹீத்

எஃகுத் துண்டுகளை வாயுச் சுடரால் உருக்கி இணைக்கும் பட்டறைகளை இன்று தருமபுரி முதலிய ஊர்களில் காண்கிறோம். நல்ல சுடர் ஒன்றே இத்தொழிலுக்குப் போதாது. இணைதற்கு ஏற்ற எஃகும் வேண்டும். வாயுச் சுடர் தோன்றுமுன்னரே அத்தகைய எஃகை ஆக்கும் வழி கண்டவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

அவர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராய் விளங்கினார். தருமபுரி வட்டாரம் அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1965-ஆம் ஆண்டிலேதான் தனி மாவட்டமாயிற்று. சேலத்து மலைகளிற் கிடைத்த கருநிறக் கனியத்தை நம் கொல்லர்கள் மண் உலையில் இட்டு, கரியால் எரித்து, தோல் துருத்தியால் ஊதி இரும்பாக்கினர். அவ்விரும்பை ஆவாரை மரத்துண்டுகளோடு மூசை என்னும் மண் கலத்திலிட்டு, எருக்கு முதலியவற்றின் இலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உருக்கினர். உயர்ந்த எஃகு உண்டாயிற்று. மூசையிற் சேர்க்கும் பொருள் எஃகின் குணத்தை மாற்றும் என்பதற்கு அத்தொழிலே சான்று. ஹீத் இதனை ஆராய்ந்து கட்டுரையும் வரைந்தார்.

சேலத்துக் கனியத்தைக் கொண்டு பேரளவில் இரும்பு செய்ய விரும்பிய ஹீத், பதவியைத் துறந்து, 1830-ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் ஆலை நிறுவினார். உலைக்கு மரக்கரி மிகுதியாக வேண்டியிருந்தது. பொருள் முடையும் நெருக்கியது. எண்ணிய ஊதியம் கிட்டவில்லை.

ஆயினும் ஹீத் ஊக்கம் குன்றவில்லை. அந்நாளில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தே இணைத்தனர். ஷெபீல்டு நகரத்து மூசை எஃகோ அவ்வாறு எளிதில் இணங்கவில்லை. எஃகை உருக்கும்போது மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளை நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு வரை சேர்த்தால் அது நன்கு இணையும் என ஹீத் கண்டார். 1839-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அயல்நாட்டு உயர்விலை இரும்பை நாடாமல் உள்நாட்டு இரும்பினின்றே நல்ல எஃகு செய்யவும் வழி பிறந்தது.

பின்னர் அவர் இன்னும் மலிவான முறை ஒன்றைக் கண்டார். மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரே மூசையிலிட்டால், அப்பொருள் உள்ளேயே உண்டாகிவிடும். இதனைத் தம் முகவர் அன்வின் என்பவரிடம் மறையாது உரைத்தார். காப்புரிமையில் இம்முறை எழுதப்படவில்லை என்று கூறி, அன்வின் உரிமைப் பணம் தர மறுத்துத் தாமே அதனைக் கையாளத் தொடங்கினார். வழக்கு எழுந்தது. மன்றங்கள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கின. ஆண்டுகள் பல கழிந்தன. முடிவு காணாமலே ஹீத் மறைந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

ஷெபீல்டு ஆலைகள் செழித்தன. கண்டவர் பயன் பெற்றிலர். அவருக்கு முன்னரே மூசைத் தொழிலில் வல்லவராயிருந்த நம் கொல்லர்தம் பெயரும் எவ்வேட்டிலும் இல்லை. எனினும் அறிவு அழிவதில்லை. இன்று மாங்கனீசு சேராத எஃகு அரிது. பட்டறையிற் சுடர்பட்டு இணையும் எஃகில் ஹீத்தின் உழைப்பும் கலந்துள்ளது. பிறர் உழைப்பாற் பயன் பெறுவோர் அவருக்கு உரியதை உவந்தளித்தலே அறமாகும்.