'கார்டன் சிட்டி'யை யோசித்த சுருக்கெழுத்தாளர்: தொழிலாளிக்கு வீடு கேட்ட எபனேசர் ஹோவர்டின் கதை

டெல்லியோ, புனேவோ, பெங்களூருவோ, பெருநகரத்தின் எல்லையைத் தாண்டினால் ஒரு விளம்பரப் பலகையாவது கண்ணில் படும். 'கார்டன் சிட்டி', 'கிரீன் டவுன்ஷிப்' என்று ஏதோ ஒரு பெயர். பூங்கா இருக்கும், நீச்சல் குளம் இருக்கும், கிளப் ஹவுஸ் இருக்கும். அங்கே பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கும் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் மட்டும் அந்த வளாகத்துக்குள் வீடு இருக்காது. அவங்க தினமும் பஸ் பிடிச்சு வந்து போகணும்.

வேடிக்கை என்னன்னா, 'கார்டன் சிட்டி' என்ற திட்டத்தை உலகுக்குச் சொன்ன மனிதர், அதில் தொழிலாளிக்கும் இடம் இருக்க வேண்டும் என்றுதான் கணக்கே போட்டார்.

யார் இந்த ஹோவர்ட்?

எபனேசர் ஹோவர்ட் 1850 ஜனவரி 29 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா பேக்கரிக் கடைக்காரர். 15 வயதோடு படிப்பு முடிந்தது, குமாஸ்தா வேலைக்குப் போனார். 21 வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, நெப்ராஸ்காவில் விவசாயம் பார்த்தார். தேறவில்லை. சிகாகோவுக்குப் போய் சுருக்கெழுத்து வேலையில் சேர்ந்தார். 1871 தீவிபத்தில் எரிந்துபோன அந்த நகரம், அவர் கண் முன்னாலேயே மறுபடி எழுந்துகொண்டிருந்தது.

1876-ல் லண்டன் திரும்பியவருக்கு, நாடாளுமன்றத்தில் பேசுவதைக் குறிப்பெடுக்கும் வேலை கிடைத்தது. இவர் ஆர்க்கிடெக்ட் இல்லை, இன்ஜினியர் இல்லை, பணக்காரரும் இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால் சுருக்கெழுத்து மெஷின் ஒன்றைக் கண்டுபிடிக்கிறேன் என்று உட்கார்ந்துவிடுவார். இருந்த கொஞ்சநஞ்ச காசும் அதில் போனது. குடும்பத்தைத் தாங்கியவர் மனைவி எலிசபெத்.

ஒரு சிம்பிள் கணக்கு

அன்றைய லண்டனில் ஒரே அறையில் ஒரு குடும்பமே அடைந்து கிடந்தது. கிராமத்திலோ வேலை இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஹோவர்ட் ஒரு வழி சொன்னார். நண்பர் கொடுத்த 50 பவுண்டு உதவியோடு 1898-ல் அது புத்தகமாக வந்தது.

கணக்கு இதுதான். ஊருக்கு வெளியே 6,000 ஏக்கர் விவசாய நிலத்தை, விவசாய நில விலையிலேயே வாங்க வேண்டும். அதில் 1,000 ஏக்கரில் ஊர், மீதி வயலும் தோட்டமும். மொத்தம் 32,000 பேர். நிலத்தை யாருக்கும் விற்கக் கூடாது, ஊரின் பொதுச் சொத்தாக அறங்காவலர்கள் வைத்துக்கொண்டு வாடகைக்கு விட வேண்டும். ஊர் வளர்ந்தால் நில மதிப்பு ஏறும், வாடகையும் ஏறும். அந்தப் பணத்தில் கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தை ஊருக்கே செலவழிக்கலாம்.

நம்ம ஊரில் பைபாஸ் ரோடு வரப்போகுதுன்னு காதில் விழுந்ததும் யார் முந்திக்கொண்டு நிலம் வாங்குகிறார்கள், யார் பாக்கெட்டில் லாபம் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஹோவர்ட் கை வைத்தது அந்த லாபத்தில்தான். மரம், புல்வெளி எல்லாம் அதற்கு அப்புறம்.

லெட்ச்வொர்த்தில் என்ன நடந்தது?

1903-ல் லண்டனுக்கு வடக்கே லெட்ச்வொர்த்தில் 3,818 ஏக்கர் வாங்கப்பட்டது. பணம் போட்டவர்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் லாபம் கிடையாது என்று விதி. ஆனால் கம்பெனி போர்டில் உட்கார்ந்தவர்கள் தொழிலதிபர்கள். வாடகையை அவ்வப்போது மாற்றி அமைக்க வேண்டும் என்பது ஹோவர்டின் திட்டத்துக்கு உயிர்நாடி. அப்படிச் செய்தால் தொழிற்சாலைகள் வராது என்று அவர்கள் பயந்தார்கள். கடைசியில் வாடகை மாறாத 99 ஆண்டு குத்தகைதான் அங்கே நிலைத்தது. சுருக்கெழுத்தாளரின் பேச்சு எடுபடவில்லை.

மனைவி எலிசபெத் அந்த ஊரில் குடியேறும் முன்பே, 1904-ல் இறந்துபோனார்.

1905-ல் அங்கே ஒரு கண்காட்சி. 150 பவுண்டுக்குள் ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு வீடு கட்ட முடியுமா என்பது போட்டி. கான்கிரீட்டில், மரத்தில் என்று விதவிதமாகக் கட்டினார்கள். சுமார் 60,000 பேர் வந்து பார்த்தார்கள். ஆனா அந்த வீடுகள் பலவற்றை வார இறுதி ஓய்வுக்கு என்று வசதியுள்ளவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தொழிற்பயிற்சி பெற்ற, ஓரளவு நல்ல சம்பளம் வாங்குகிறவர்களால் லெட்ச்வொர்த்தில் வாடகை கொடுக்க முடிந்தது. கூலிவேலை செய்தவர்களால் முடியவில்லை. ஊருக்கு வெளியே பழைய வீடுகளில் தங்கிக்கொண்டு, சைக்கிள் மிதித்து வேலைக்கு வந்தார்கள்.

இதற்கெல்லாம் ஹோவர்டை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் லாபத்துக்கு உச்சவரம்பு வைத்தவர்கள் வீட்டு வாடகைக்கு வைக்கவில்லை என்பதும் உண்மை. அவரது பெயரில் பரவியதும் பெரும்பாலும் அழகுதான். புதுடெல்லியின் பங்களா வீதிகளில்கூட கார்டன் சிட்டியின் மரங்களும் புல்வெளிகளும் இருக்கின்றன. பொது நிலம் என்ற ஏற்பாடு வரவில்லை.

69 வயதில் மறுபடியும்

1919 மே மாதம், வெல்வினில் ஒரு பிரபுவின் நிலம் ஏலத்துக்கு வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஹோவர்ட் போதுமான பணமே இல்லாமல் ஏலத்தில் கலந்துகொண்டார். நண்பர்களிடம் திரட்டியதும் போதாமல், அவருக்காக ஏலம் கேட்ட ஏஜென்டிடமே கடன் வாங்கி டெபாசிட் கட்டினார். இரண்டாவது கார்டன் சிட்டி அப்படித்தான் பிறந்தது. 1927-ல் 'சர்' பட்டம் வந்தது. மறு ஆண்டு மே 1 அன்று வெல்வினிலேயே இறந்தார். சொத்து என்று பெரிதாக எதுவும் சேர்த்து வைக்கவில்லை.

அவர் போன பின்னும் லெட்ச்வொர்த் விவகாரம் முடியவில்லை. 1960 வாக்கில் வெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனம் அந்தக் கம்பெனியின் பங்குகளை வளைத்துப்போட்டது. ஊர் மக்கள் கொதித்தார்கள். 1962-ல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு நிலத்தைப் பொது அமைப்பின் கைக்குக் கொண்டுவந்தது. 1995 முதல் ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. கடைகள், தொழிற்கூடங்களில் இருந்து வசூலாகும் வாடகை இன்றும் அந்த ஊருக்கே செலவாகிறது.