ரெயில் ஊதலின் ரகசியம் சொன்ன டாப்ளர்

ரெயில் ஊதிக்கொண்டே வருகிறது. நம்மைத் தாண்டிப் போனதும் ஊதல் ஓசை சட்டென்று இறங்கிவிடுகிறது. ஏன்?

விடை தந்தவர் கிறிஸ்டியன் டாப்ளர்.

1803-ம் ஆண்டு சால்ஸ்பர்க் நகரில், கல்தச்சர் குடும்பத்தில் பிறந்தார். நோஞ்சான் பிள்ளை. உளி பிடிக்க உடம்பில் வலு இல்லை. அதனால் படிக்க வைத்தார்கள்.

படித்தும் நல்ல வேலை கிடைக்கவில்லை. 1835-ல் சாமான்களை விற்றுவிட்டு அமெரிக்கா போக இருந்தார். அந்த நேரத்தில் பிராக் நகரில் ஆசிரியர் வேலை வந்தது.

அங்கேதான், 1842-ல், தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். ஓசை எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வந்தால் ஒலி அலைகள் நெருக்கமாக வரும், சுருதி ஏறும். விலகிப் போனால் இறங்கும்.

1845-ல் ஹாலந்து விஞ்ஞானி பைஸ் பாலட், ஓடும் ரெயிலில் எக்காளம் ஊதச் செய்து சோதித்தார். டாப்ளர் சொன்னது சரியாக இருந்தது!

1853-ல் வெனிஸ் நகரில் டாப்ளர் காலமானார். வயது 49தான்.

1940 வாக்கில், அமெரிக்கரான டான் லெஸ்லி ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் ஒரு கொம்பைச் சுழலவிட்டார். அதன் வாய் நம் பக்கம் வரும்போது சுருதி ஏறியது, விலகும்போது இறங்கியது. ஆர்கன் இசை அலை அலையாக அசைந்தது. இன்று அந்த அசைவை ஒலிப்பதிவுக் கூடங்களில் மின்னணுக் கருவிகளும் தருகின்றன.

உளி பிடிக்க முடியாத கை எழுதிய கணக்கு அது!