சாவடி குமாஸ்தா வரைந்த காடு



முதலாமாண்டில் எஞ்சினியரிங் டிராயிங் பேப்பரில் எனக்கு அரியர் விழுந்தது. ஐசோமெட்ரிக் வியூ மண்டையில் ஏறவே இல்லை. ஊரில் பெரியப்பா வேறு, டிப்ளமோதானே என்று உதட்டைப் பிதுக்கினார். அந்த நாட்களில் நூலகத்தில் ஒரு பழைய ஓவியப் புத்தகத்தைப் புரட்டியபோது கிடைத்த நண்பர்தான் ஹென்றி ரூசோ. தத்துவஞானி ரூசோ இல்லீங்க, இவர் ஓவியர்!

1844-ல் பிரான்சின் லவால் என்ற ஊரில், தகர வேலை செய்பவரின் மகனாகப் பிறந்தார். கொஞ்ச காலம் ராணுவம். பிறகு 1871-ல் பாரிஸ் நகரின் வரிச் சாவடியில் வேலை. ஊருக்குள் வரும் சரக்குக்கு வரி வசூலிக்கும் சாதாரண குமாஸ்தா. எந்த ஓவியக் கல்லூரி வாசலையும் மிதிக்காதவர். வேலை போக மிச்ச நேரத்தில் தானாகவே வரைந்து பழகினார். 1886 முதல், யார் வேண்டுமானாலும் படம் வைக்கலாம் என்றிருந்த ஒரு கண்காட்சியில் ஏறக்குறைய ஆண்டுதோறும் தன் படங்களை வைத்தார். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காரணம் நமக்குத் தெரிந்ததுதான்: பெர்ஸ்பெக்டிவ் தப்பு! மனுஷன் அசரவில்லை. 1893-ல், 49-வது வயதில் வேலையை விட்டு முழுநேரமும் வரைய உட்கார்ந்துவிட்டார். கையில் சொற்ப ஓய்வூதியம். பற்றாக்குறைக்கு வயலினும் ஓவியமும் சொல்லிக்கொடுத்தார்.

ஆளும் ஒரு மாதிரிதான். கவிஞர் அப்பொலினேரை வரைந்தபோது, தையல்காரர் மாதிரி மூக்கு, காது, கை எல்லாவற்றையும் அளவெடுத்தாராம். பிரான்சை விட்டு வெளியே போனதே இல்லை. ஆனால் வரைந்ததோ புலியும் குரங்கும் நிறைந்த அடர்ந்த காடுகள்! பாரிஸ் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடங்களில் பார்த்த செடிகள்தான் அவருக்குக் காடு.

இந்த மனிதரிடம் கடல் கடந்து வந்து சிக்கினார் மாக்ஸ் வெபர். 1905-ல் அமெரிக்காவிலிருந்து பாரிசுக்கு ஓவியம் படிக்க வந்த இளைஞர். புகழ்பெற்ற மத்தீஸிடமே பாடம் கேட்டவர். 1907-ல் ரூசோவைச் சந்தித்தபோது வெபருக்கு 26 வயது, ரூசோவுக்கு 63. முறையாகப் படித்தவர், படிக்காதவரின் சிறிய அறைக்குப் போய் நண்பனாக உட்கார்ந்தார். அங்கே நடக்கும் சாயங்கால விருந்துகளில் ஓவியர்களும் கவிஞர்களும் அக்கம்பக்கத்துச் சாமானியர்களும் ஒன்றாகக் கூடுவார்கள். கிழவர் வயலின் வாசிப்பார்.

1907-ன் கடைசியில் ரூசோ, பழகிய ஒருவரின் பேச்சை நம்பி வங்கி மோசடி வழக்கில் மாட்டிக்கொண்டார். 1908 டிசம்பரில் வெபர் ஊர் திரும்பியபோது அந்த வழக்கு தலைக்கு மேல் தொங்கியது. அப்படியும் நண்பனுக்குத் தன் அறையிலேயே பிரிவு விருந்து வைத்தார். அடுத்த மாதமே தீர்ப்பு. நல்லவேளையாகத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

அதன் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. 1910 செப்டம்பர் 2-ஆம் தேதி, காலில் வந்த புண் புரையோடி ரூசோ இறந்தார். ஏழைகளுக்கான குழியில்தான் முதலில் புதைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், தன்னிடம் இருந்த ரூசோவின் படங்களைக் கொடுத்து, நியூயார்க்கில் கண்காட்சி நடக்க வழி செய்தார் வெபர். அமெரிக்காவில் ரூசோவுக்கு நடந்த முதல் கண்காட்சி அதுதான்.

1898-ல் ரூசோ தன் சொந்த ஊருக்கே விற்க முன்வந்து, ஊர் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு படம் உண்டு. நிலா வெளிச்சத்தில் உறங்கும் நாடோடிப் பெண், பக்கத்தில் ஒரு சிங்கம். இன்று அது நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நண்பர்களே, ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம் விடுதியில் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கமெல்லாம் படம் போடும் ஜூனியர் ஒருவன் இருக்கிறான். அவனைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். போன வாரம் அவன் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் பார்த்தேன். முதலில் கிண்டல் பண்ணத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தானாம். கிளம்பும்போது ஒரு படத்தைக் கிழித்துக் கொடுத்தான். என் டிராயிங் போர்டுக்கு மேலே அதை ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆமாம், அந்த அரியரும் கிளியர் ஆகிவிட்டது!