தொடாமலே இசைத்த விஞ்ஞானி: சின்தசைசருக்கு வழிபோட்ட லியோன் தெரமின் யார்?

கையில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் போதும், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒரு பாட்டுக்கு டிராக் போட்டுவிடலாம். ஒரு காலத்தில் அறையையே அடைத்துக்கொண்டிருந்த சின்தசைசர், டிரம் மெஷின் எல்லாம் இன்று ஆப் ஆகிவிட்டன. இந்தக் கதையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், டிரான்சிஸ்டர்கூட கண்டுபிடிக்கப்படாத 1920-ஆம் ஆண்டில் போய் நிற்கும். அங்கே ரஷ்யாவில் 24 வயது இளைஞர் ஒருவர், எதையும் தொடாமல், காற்றில் கையை அசைத்தே இசையை வரவழைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் லெவ் தெர்மென். மேற்கு நாடுகளுக்கு லியோன் தெரமின். அவர் உருவாக்கிய கருவிக்கும் அதே பெயர்தான். ஆனால், அவர் செய்தது இசைக் கருவி மட்டும் இல்லை. பனிப்போர் காலத்தின் மிகப் பிரபலமான ஒட்டுக்கேட்புக் கருவியும் அவர் மூளையில் பிறந்ததுதான். ஒரே மனிதர் எப்படி இந்த இரண்டையும் செய்தார்?

செல்லோ கற்ற இயற்பியலாளர்

1896-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர் தெரமின். ஒரு பக்கம் இயற்பியல், இன்னொரு பக்கம் செல்லோ என இரண்டையும் முறையாகப் படித்தார். முதல் உலகப்போர் காலத்தில் ராணுவத்தில் ரேடியோ பொறியாளர் வேலை. புரட்சிக்குப் பிறகு, அப்ரம் யோஃபே என்ற புகழ்பெற்ற இயற்பியலாளரின் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே வாயுக்களின் மின் பண்புகளை அளக்க ஒரு கருவி செய்தார். அளவு மாறுவதை ஹெட்போனில் கேட்கும் ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால், கருவிக்கு அருகே கையைக் கொண்டுபோனாலே ஒலி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அளவீடு செய்கிறவருக்கு இது தொல்லை. இசை கற்றவருக்கோ இது ஒரு ஸ்வரம். தெரமின் கையை முன்னும் பின்னும் நகர்த்தி, தனக்குத் தெரிந்த மெட்டுகளை அதில் தேடிப் பார்த்தார். கிடைத்தன.

தொடாமல் எப்படி ஒலி வரும்?

கருவிக்குள் இரண்டு மின்சுற்றுகள் இருக்கும். இரண்டும் நம் காதுக்கு எட்டாத ரேடியோ அதிர்வெண்ணில் ஓடும். ஒன்று எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும். இன்னொன்று, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவோடு இணைந்தது.

மனித உடல் மின்னூட்டத்தைக் கொஞ்சம் தாங்கக்கூடியது. அதனால் ஆன்டெனா பக்கம் கை போனால், அந்த இரண்டாவது சுற்றின் அதிர்வெண் லேசாக மாறும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் நம் காதில் விழும் ஒலி. உதாரணமாக, ஒன்று 1,70,000 ஹெர்ட்ஸ், இன்னொன்று 1,70,440 ஹெர்ட்ஸ் என்றால், நமக்குக் கேட்பது 440 ஹெர்ட்ஸ். அவ்வளவுதான் விஷயம்.

செங்குத்தான ஆன்டெனா ஸ்வரத்தைத் தீர்மானிக்கும். பக்கவாட்டில் வளைந்திருக்கும் ஆன்டெனா சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். கேட்க எளிது, வாசிப்பது ரொம்பக் கஷ்டம். விரல் வைக்க கட்டை கிடையாது, தந்தி கிடையாது. விரல் சற்று நகர்ந்தாலே ஸ்ருதி விலகிவிடும். காதை மட்டும் நம்பித்தான் வாசிக்க வேண்டும்.

லெனின் வாசித்த தெரமின்

1922-இல் கிரெம்ளினுக்கு அழைப்பு வந்தது. லெனின் முன்னால் தெரமின் வாசித்துக் காட்டினார். லெனினும் ஆசைப்பட்டு தானே முயன்று பார்த்தார். நாட்டுக்கே மின்சாரம் கொடுக்க வேண்டும் என்ற திட்டத்தில் மும்முரமாக இருந்த அரசுக்கு, மின்சாரத்தில் பாடும் இந்தக் கருவி நல்ல விளம்பரம். தெரமின் ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சிகள் நடத்தினார். இதற்கு நடுவே, 1926-இல் தொலைக்காட்சி போன்ற ஒரு கருவியையும் செய்து காட்டினார்.

1927-இல் ஐரோப்பா. ஜெர்மனி, லண்டன், பாரிஸ் எனப் போன இடமெல்லாம் அரங்கு நிரம்பியது. அந்த ஆண்டின் கடைசியில் நியூயார்க் போய் இறங்கினார். அங்கே 11 ஆண்டுகள் தங்கிவிட்டார்.

நியூயார்க்கில் ஒரு பரிசோதனைக்கூடம்

1928-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆர்சிஏ நிறுவனம் உரிமையை வாங்கி சுமார் 500 கருவிகளைத் தயாரித்தது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். வாங்கியவர்களுக்குத்தான் உண்மை புரிந்தது. போதாக்குறைக்கு 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. விற்பனை படுத்துவிட்டது.

தெரமின் ஓயவில்லை. இசையமைப்பாளர் ஹென்றி கோவெல் கேட்டதற்காக, ஒரே நேரத்தில் பல தாளங்களை ஒலிக்கும் ரிதமிகான் என்ற கருவியைச் செய்தார். டிரம் மெஷின்களின் வரலாறு பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்கும். நடனக் கலைஞரின் உடல் அசைவையே இசையாக மாற்றும் மேடை ஒன்றையும் உருவாக்கினார்.

அவர் கருவிக்குக் கிடைத்த மிகப் பெரிய கலைஞர் கிளாரா ராக்மோர். கைவலியால் வயலினைக் கைவிட வேண்டிவந்த இளம்பெண் அவர். அவர் கேட்டுக்கொண்டதால்தான் தெரமினின் ஸ்வர வீச்சு மூன்று ஸ்தாயியிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. கிளாராவை மணக்க தெரமின் விரும்பினார். கிளாரா வேறொருவரை மணந்தார். பிறகு, லவினியா வில்லியம்ஸ் என்ற கறுப்பின நடனக் கலைஞரை தெரமின் திருமணம் செய்தார். நிறவெறி மிகுந்த அன்றைய அமெரிக்காவில், அவரை ஆதரித்த பலர் அதோடு விலகிப்போனார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் இருந்த காலம் முழுக்க, சோவியத் உளவுத்துறைக்கும் அவர் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் அவரே இதை ஒப்புக்கொண்டார்.

1938: காணாமல் போனவர்

1938 செப்டம்பரில், மனைவியை விட்டுவிட்டு ஒரு சோவியத் கப்பலில் நாடு திரும்பினார். கடத்திச் செல்லப்பட்டார் என்று அமெரிக்க நண்பர்கள் நம்பினார்கள். தானாகவே கிளம்பியதாக அவர் பின்னாளில் சொன்னார். கழுத்தை நெரிக்கும் கடனும் வரி பாக்கியும் அப்போது அவருக்கு இருந்தது உண்மை. லவினியாவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்த நேரம் அது. 1939-இல் கைதானார். எட்டு ஆண்டு தண்டனை. பனி உறையும் கொலிமா முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே இறந்திருக்கவும் கூடும். அவருடைய தொழில் அறிவு காப்பாற்றியது. கைதி விஞ்ஞானிகளை அடைத்துவைத்து வேலை வாங்கும் ரகசிய ஆய்வகத்துக்கு மாற்றினார்கள். விமான வடிவமைப்பாளர் துப்போலெவும், பின்னாளில் சோவியத் விண்வெளித் திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளரான கொரோலெவும் அங்கே சக கைதிகள்.

பேட்டரி இல்லாத உளவாளி

1945 ஆகஸ்டில் சோவியத் பள்ளிச் சிறுவர்கள், மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையை அமெரிக்கத் தூதருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். மாஸ்கோவில் தூதரின் இல்லச் சுவரில் அது ஏழு ஆண்டுகள் தொங்கியது. உள்ளே இருந்தது தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்புக் கருவி.

அதில் பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. சும்மா இருக்கும்போது சோதித்தால் எதுவும் சிக்காது. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் மட்டும் உயிர்பெறும். அறையில் பேசும் குரலுக்கு ஏற்ப உள்ளே ஒரு மெல்லிய தகடு அதிரும். திரும்பிப் போகும் அலையில் அந்தப் பேச்சு ஏறிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் அலையே சக்தி தரும் என்ற இந்த அடிப்படைதான் இன்று சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் வேலை செய்வதற்கும் பின்னால் இருக்கிறது. 1952-இல்தான் அமெரிக்கர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 1960-இல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் உலகத்துக்கே காட்டினார்கள்.

அதே 1945-இல்தான் ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' படமும் வெளியானது. அதன் பின்னணி இசையில் நடுங்கி ஒலித்தது தெரமின் கருவி. அந்த இசைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. கருவியை உருவாக்கியவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே ஹாலிவுட்டுக்குத் தெரியாது.

1947-இல் விடுதலையும் ஸ்டாலின் பரிசும் ஒருசேர வந்தன. விடுதலைக்குப் பிறகும் பல ஆண்டுகள் உளவுத்துறைக்காகவே வேலை பார்த்தார். 1960-களில்தான் மாஸ்கோ இசைக் கல்லூரியில் மறுபடி மின்னிசைக் கருவிகள் செய்ய முடிந்தது. அதுவும் நீடிக்கவில்லை. 1967-இல் ஓர் அமெரிக்க இசை விமர்சகர் அவரை அங்கே தற்செயலாகச் சந்தித்து, நியூயார்க் டைம்ஸில் எழுதிவிட்டார். கட்டுரை வந்ததும் தெரமினின் வேலை பறிபோனது. அவர் செய்துவைத்த கருவிகள் உடைத்து எறியப்பட்டன.

மூக் முதல் மொபைல் வரை

இதற்குள் அமெரிக்காவில் அந்த விதை முளைத்துவிட்டது. ராபர்ட் மூக் என்ற நியூயார்க் சிறுவன் பதின்ம வயதிலேயே தெரமின் கருவியைச் செய்து பழகினான். 1954-இல் அப்பாவோடு சேர்ந்து அவற்றை விற்கவும் ஆரம்பித்தான். அந்த அனுபவமும் வருமானமும்தான் 1964-இல் மூக் சின்தசைசராக மாறின. அதில் உருவான வெண்டி கார்லோஸின் 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' ஆல்பம் 1968-இல் வெளியாகி, சின்தசைசரை வீடுகளுக்குக் கொண்டுபோனது. 1970-இல் மேடைக்குத் தூக்கிப்போகும் அளவில் மினிமூக் வந்தது. 2018-இல் அதே மினிமூக் ஐபோன் ஆப் ஆகவும் வந்தது.

1991-இல், 95 வயதில், தெரமின் மறுபடி அமெரிக்கா போனார். நியூயார்க்கில் கிளாராவைச் சந்தித்தார்.  1993 நவம்பரில், 97-ஆவது வயதில் மாஸ்கோவில் காலமானார்.

தெரமினை அப்படியே போலச் செய்யும் ஆப்களும் இன்று உண்டு. பெரும்பாலானவற்றில் காற்றில் கையசைக்க முடியாது, திரையில் விரலை இழுக்க வேண்டும். ஆனால், விரல் வந்ததை அந்தத் திரை எப்படி உணர்கிறது தெரியுமா? நம் உடல் மின்னூட்டத்தைத் தாங்குவதால் ஏற்படும் சிறு மாற்றத்தை வைத்துத்தான். 1920-இல் ஹெட்போனில் தெரமினுக்குக் கேட்டதும் அதே மாற்றம்தான்.