அயல்மண்ணில் கற்ற கலை

நுழையும்முன்

பிறந்த ஊரை விட்டு வேறொரு மாநிலத்திற்கு வேலைக்குச் செல்வது இளைஞர் வாழ்வில் பெரும் திருப்பமாகும். மொழி, உணவு, தட்பவெப்பம், மனிதர் என அனைத்தும் மாறிவிட்ட இடத்தில் கற்ற கல்வியே முதல் துணையாக நிற்கும். அவ்வாறு சென்ற பொறியாளர் ஒருவர், அயல்மண்ணில் பெற்ற பட்டறிவைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்து காவிரியில் அணை எழுப்பினார். மேட்டூர் அணையின் வரலாற்றோடும் பிணைந்த அவருடைய வாழ்க்கை வரலாறு இது.

ஓர் ஆறு, இரண்டு அணைகள்

குடகு மலையில் தோன்றும் காவிரியை மைசூருக்கு அருகே கண்ணம்பாடியில் ஓர் அணை தேக்குகிறது. கிருஷ்ணராஜ சாகர் என்பது அதன் பெயர். அங்கிருந்து புறப்படும் ஆறு சிவசமுத்திரத்தில் அருவியாக வீழ்ந்து, ஒகேனக்கல்லைக் கடந்து, சேலம் மாவட்டத்து மேட்டூரை அடைகிறது. அங்கே மற்றோர் அணை அதனை எதிர்கொள்கிறது. மேட்டூரின் நீர்மட்டத்தை நாளிதழில் பார்க்கும் உழவர் கண்ணம்பாடியின் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். மேலே நிற்கும் நீருக்கும் கீழே வரும் நீருக்கும் அத்தகைய தொடர்பு உண்டு.

கண்ணம்பாடி அணையைத் திட்டமிட்டு எழுப்பத் தொடங்கியவர் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. அவர் மைசூர் நாட்டில் பிறந்தவர். ஆயினும் அணை கட்டும் கலையை மைசூரில் கற்றவர் அல்லர். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அயல்நாடுகளில் பணியாற்றிக் கற்ற பின்னரே அவர் காவிரிக்கரைக்கு வந்தார்.

உதவித்தொகை திறந்த வழி

விஸ்வேஸ்வரய்யா 1860களின் தொடக்கத்தில் பெங்களூருக்கு வடக்கே உள்ள முத்தனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய முன்னோர் ஆந்திரப் பகுதியின் மோட்சகுண்டத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள். வடமொழி அறிஞரான தந்தை சீனிவாச சாஸ்திரி, மகன் சிறுவனாக இருக்கும்போதே காலமானார். சிக்பள்ளாப்பூரில் பள்ளிக் கல்வியைப் பெற்றபின், தாய்மாமனின் துணையுடன் பெங்களூர் மத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து ஈட்டிய சிறு வருவாயில் படித்தார். அக்கல்லூரி அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அப்பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பட்டத்தை அவர் 1881இல் பெற்றார்.

பொறியியல் கற்கப் புனேவுக்குச் செல்ல விரும்பியவருக்குக் கையில் பொருளில்லை. மைசூர் அரசு உதவித்தொகை வழங்கியது. அப்போது மைசூரின் திவானாக இருந்த ரங்காச்சார்லு, தமிழகத்தின் செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பின் மைசூருக்குச் சென்றவர். தமிழகத்திலிருந்து மைசூருக்குப் பணிக்குச் சென்ற ஒருவரின் ஆட்சிக்காலத்தில், மைசூர் இளைஞர் ஒருவருக்குப் பம்பாய் மாகாணத்திற்குச் செல்லும் வழி திறந்தது.

புனே அறிவியல் கல்லூரியில் 1883ஆம் ஆண்டுத் தேர்வில் விஸ்வேஸ்வரய்யா முதலிடம் பெற்றார். அச்சிறப்பின் பயனாகப் பம்பாய் அரசின் பொதுப்பணித்துறையில் 1884இல் உதவிப் பொறியாளராக அமர்ந்தார். மைசூரின் பொருளில் படித்தவர் பம்பாய்க்கு உழைக்கச் சென்றார். தாய்நாட்டுக்குப் பட்ட அக்கடனைத் தீர்க்கும் காலம் பின்னர் வந்தது.

முதல் சோதனை

நாசிக்கில் பணியைத் தொடங்கியவர் விரைவில் காந்தேஷ் பகுதிக்கு அனுப்பப்பட்டார். மராத்தி வழங்கும் அந்நிலத்தில், துலே நகருக்கு அருகே பாஞ்ரா ஆற்றுப் பகுதியில் நீரைக் குழாய் வழியே மறுகரைக்குக் கொண்டு செல்லும் அமைப்பைக் கட்டும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. மழைக்காலம் குறுக்கிட்டது. பெருகிவந்த நீர் கொணர்ந்த மணலும் வண்டலும் வேலையைக் கெடுத்தன. மழை ஓயும்வரை பணியை நிறுத்திவைக்கலாம் என்று இளம் பொறியாளர் கருதினார். மேலதிகாரிக்கு அக்கருத்து உகந்ததாக இல்லை.

புதிய ஊரில், புதிய பணியில், தம் முதல் வேலையே தம்மைப் பற்றிய கருத்தை உருவாக்கிவிடும் என்பதை விஸ்வேஸ்வரய்யா உணர்ந்தார். இடர்களுக்கிடையே வேலையைத் தொடர்ந்து முடித்தார். காலத்தாழ்வின்றி வேலையை முடிப்பதும், கணக்கைத் துல்லியமாக வைப்பதும் அதன்பின் அவருடைய வாழ்நாள் பண்புகளாயின.

சிந்துவின் கரையில்

பம்பாய் மாகாணம் அன்று மிகப் பரந்தது. இன்று பாகிஸ்தானில் உள்ள சிந்துப் பகுதியும் அதில் அடங்கியிருந்தது. கடும் வெப்பம் நிலவும் சுக்கூர் நகருக்குக் குடிநீர் வழங்கும் பணி 1894இல் அவரிடம் வந்தது. சிந்து நதியின் நீர் வண்டல் கலந்து கலங்கியது. அதனை வடிகட்டப் பெரிய தொட்டிகள் அமைக்க நகராட்சியிடம் போதிய பொருளில்லை.

விஸ்வேஸ்வரய்யா ஆற்றின் மணலையே வடிகட்டியாக்கினார். ஆற்றுப்படுகையில் கிணறு ஒன்றை அமைத்து, மணலின் ஊடே கசிந்து தெளியும் நீர் அதில் வந்து சேருமாறு செய்தார். தெளிந்த அந்நீர் எந்திரத்தால் மேட்டுக்கு ஏற்றப்பட்டு நகருக்கு வழங்கப்பட்டது. ஊற்றுத் தோண்டி நீர் எடுக்கும் ஆற்றங்கரை மக்கள் நன்கறிந்த உண்மையே அத்திட்டத்தின் அடிப்படை. அவ்விடத்தின் இயல்பை அறிந்து அங்குள்ளதைக் கொண்டே தீர்வு காண்பதை அவர் அங்குச் செய்து காட்டினார்.

தலைமடையும் கடைமடையும்

புனே பகுதியின் நீரா கால்வாயில் வேறொரு சிக்கல் இருந்தது. தலைமடையில் இருந்தோர் வேண்டிய அளவுக்கு மேல் நீர் பாய்ச்சினர். அங்கு நிலம் நீர் தேங்கிக் கெட்டது. கடைமடையில் இருந்தோர்க்கோ நீர் போதவில்லை. இதற்குத் தீர்வாக விஸ்வேஸ்வரய்யா 1899இல் தொகுதிப் பாசனமுறையை வகுத்தார். கால்வாயின் பாசனப் பரப்பு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. மிகுந்த நீர் வேண்டும் பயிர், குறைந்த நீர் போதுமான பயிர் என மாற்றி மாற்றிப் பயிரிடவும், ஒரே கால்வாயின் நீர் பல சிற்றூர்களுக்கும் பரவலாகச் சென்று சேரவும் அம்முறை வழிசெய்தது. முதலில் தயங்கிய உழவர்கள் பின்னர் அதனை ஏற்றனர்.

புனேவுக்கு அருகே கடக்வாஸ்லா ஏரியில் அவர் வடிவமைத்த தானியங்கி மதகுகள் 1903இல் பொருத்தப்பட்டன. நீர்மட்டம் குறித்த அளவைத் தாண்டியதும் அவை தாமே திறந்து உபரி நீரை வெளியேற்றும். மட்டம் இறங்கியதும் தாமே மூடிக்கொள்ளும். இதனால் அணையின் உயரத்தைக் கூட்டாமலேயே கூடுதல் நீரைத் தேக்க முடிந்தது. அவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றவர், அரசுப் பணியில் இருந்தபோது உருவாக்கியதற்கு உரிமைத்தொகை பெறுவது முறையன்று எனக் கருதி அதனை மறுத்தார்.

திரும்பி வந்தவர்

பம்பாய்ப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பதவி இந்தியர் ஒருவருக்குக் கிடைப்பது அக்காலத்தில் அரிதாக இருந்தது. விஸ்வேஸ்வரய்யா 1908இல் அப்பணியிலிருந்து விலகினார். அவ்வாண்டு செப்டம்பரில் மூசி ஆற்று வெள்ளம் ஐதராபாத் நகரைச் சிதைத்தது. நிசாம் அரசு அவரை அழைத்தது. வெள்ளத்தைத் தடுக்க நகருக்கு மேலே நீர்த்தேக்கங்கள் அமைக்கும் திட்டத்தை அவர் வகுத்துக் கொடுத்தார்.

மைசூரின் தலைமைப் பொறியாளராகுமாறு அழைப்பு வந்தபோது அவர் உடனே இசையவில்லை. பதவியைவிட, நாட்டின் வளர்ச்சிக்கான பெரும்பணிகளுக்கு வாய்ப்புண்டா என்பதையே அவர் அறிய விரும்பினார். உரிய உறுதி கிடைத்தபின் 1909 நவம்பரில் பொறுப்பேற்றார். பின்னர் 1912 முதல் 1918 வரை மைசூரின் திவானாகப் பணியாற்றினார். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916இல் அவர் காலத்தில்தான் தோன்றியது.

கண்ணம்பாடி அணையின் கட்டுமானம் 1911இல் தொடங்கியது. சிவசமுத்திரம் மின்நிலையத்திற்கு ஆண்டு முழுவதும் சீரான நீர் தேவைப்பட்டது. மண்டியாவின் வறண்ட நிலங்கள் பாசனத்தை எதிர்நோக்கி இருந்தன. பாஞ்ராவின் விடாமுயற்சி, நீராவின் பங்கீட்டுமுறை, கடக்வாஸ்லாவின் மதகு என அயல்மண்ணில் கற்ற அனைத்தும் கண்ணம்பாடியில் ஒன்றுகூடின.

கீழே ஒரு நாடு

ஆறு கண்ணம்பாடியோடு முடிவதில்லை. மேலே நீர் தேக்கப்பட்டால் தஞ்சை வயல்களின் நிலை என்னாகும் என்று சென்னை மாகாணம் கவலை கொண்டது. அக்கவலை நியாயமானது. நீராவில் தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே இருந்த சிக்கலே இப்போது இரண்டு அரசுகளுக்கு இடையே எழுந்தது. இம்முறை விஸ்வேஸ்வரய்யா நடுவராக இல்லை. தலைமடையின் சார்பில் நின்றார். நடுவர் தீர்ப்பு 1914இல் வந்தும் வழக்கு ஓயவில்லை. நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின் 1924 பிப்ரவரி 18 அன்று இரு அரசுகளும் உடன்பாடு கண்டன. மைசூர் கண்ணம்பாடியிலும், சென்னை மேட்டூரிலும் அணை கட்டலாம் என்றும், கீழே செல்ல வேண்டிய நீரின் அளவுக்கேற்பவே மேலே நீரைத் தேக்க வேண்டும் என்றும் அது வரையறுத்தது.

மேட்டூர் அணையின் பணி 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்றது. அணையின் மலிவான மின்சாரமும் நீரும் ஆலைகளை ஈர்த்தன. 1936இல் வேதிப்பொருள் ஆலை ஒன்று அங்கு நிறுவப்பட்டது. சிற்றூராக இருந்த மேட்டூர், பிற ஊர்களிலிருந்து வேலைதேடி வருவோரின் நகரமாயிற்று.

தெரிந்து தெளிவோம்

மேட்டூர் அணையின் நீளம் 5,300 அடி. நீர்த்தேக்கத்தின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி நீராகும். திறந்துவைத்த ஆளுநரின் பெயரால் இது ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்படுகிறது. காவிரிப் படுகைப் பாசனத்திற்கு ஆண்டுதோறும் ஜூன் 12இல் நீர் திறப்பது மரபு. கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்களால் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் நிலம் பாசனம் பெறுகிறது.

ஊரைக் கொடுத்தவர்கள்

இவ்விரு அணைகளின் வரலாற்றில் ஊரை விட்டுச் சென்றவர் விஸ்வேஸ்வரய்யா மட்டும் அல்லர். கண்ணம்பாடி என்னும் ஊரே நீரில் மூழ்கியது. மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் பல சிற்றூர்கள் மூழ்கின. நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் நந்தி சிலையும் பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிகின்றன. விஸ்வேஸ்வரய்யா தாம் விரும்பி ஊரை விட்டுச் சென்றார், விரும்பியபோது திரும்பினார். அச்சிற்றூர் மக்களுக்குத் திரும்பிச் செல்ல ஊர் இல்லை. படுகையில் விளையும் ஒவ்வொரு நெல்மணிக்குப் பின்னும் அவர்களுடைய இழப்பும் இருக்கிறது.

நிறைவாழ்வு

திவான் பதவியை விட்டு விலகிய பின்னரும் விஸ்வேஸ்வரய்யா ஓய்ந்திருக்கவில்லை. இந்தியாவின் திட்டமிட்ட பொருளாதாரம் குறித்த அவருடைய நூல், மேட்டூர் அணை திறக்கப்பட்ட அதே 1934ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1955இல் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது. நூற்றாண்டு கண்ட அவர் 1962 ஏப்ரலில் பெங்களூரில் மறைந்தார். அவர் பிறந்த செப்டம்பர் 15ஆம் நாள் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

உதவித்தொகை அளித்த மைசூருக்கு அவர் பட்ட கடன் கண்ணம்பாடியில் தீர்ந்தது. கற்றுக்கொடுத்த பம்பாய்க்கும் சிந்துவுக்கும் பட்ட கடன், அங்கே பணியாற்றிய நாள்களிலேயே அம்மண்ணின் மக்களுக்குக் குடிநீராகவும் பாசனமாகவும் திருப்பி அளிக்கப்பட்டது. செல்லும் ஊரைத் தம் ஊராகக் கருதி உழைப்பவரே அங்குக் கற்கவும் முடியும், கற்றதைத் தம் ஊருக்குக் கொண்டுவரவும் முடியும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. கடைமடையில் இருப்பவரை மறவாத பங்கீடு வேண்டும் என்பதை அவர் நீரா கால்வாயில் உணர்த்தினார். அதே பாடத்தைக் காவிரி இன்றும் இரு மாநிலங்களுக்கும் உணர்த்திக்கொண்டிருக்கிறது.